இடதுகைக்காரருக்கு எந்த மடக்குக் கத்தி?

கேள்வி: நாகப்பட்டினத்தில் வசிக்கிறேன். மாடியில் ரோஜா, தக்காளி, கத்தரி. கொல்லையில் மாவும் எலுமிச்சையும் உண்டு. ஒட்டுக் கட்டவும் பழக ஆசை. சட்டைப் பையில் வைத்துக்கொள்ள ஒரு மடக்குக் கத்தி வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது? எனக்கு இடதுகைப் பழக்கம்.

பதில்: கடைசியாகச் சொன்னீர்களே, அதுதான் முதலில் கவனிக்க வேண்டியது. ஒட்டுக் கட்டும் கத்திகளில் பெரும்பாலானவை ஒரு பக்கம் மட்டுமே சாணை பிடித்தவை. ஒரு முகம் தட்டை, மறுமுகம் சரிவு. தட்டை முகம் குச்சியின் மேல் படிந்து ஓடினால்தான் வெட்டு சமமாக விழும். அப்போதுதான் வேரோடு நிற்கும் செடியின் பட்டைக்கு உள்ளே இருக்கும் பசுந்திசுவும் அதில் ஒட்டும் குச்சியின் திசுவும் இடைவெளி இல்லாமல் பொருந்தும். வலதுகைக் கத்தியை நீங்கள் பிடித்தால் சரிவு முகம் குச்சியில் உட்கார்ந்து வெட்டு குழிந்துபோகும். ஒட்டுப் பிடிக்காததற்குச் செடியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். இடதுகைக்கானது என்று கேட்டே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் இருபுறமும் சாணை பிடித்த மெல்லிய அலகு போதும்.

சணல் அறுக்க, உரமூட்டை பிரிக்க, காய் பறிக்க 7 அல்லது 8 செ.மீ. நேர் அலகே தாராளம். அரிவாள்போல் வளைந்த அலகு கிளையை நழுவவிடாது, உண்மைதான். ஆனால் தட்டைச் சாணைக்கல்லில் அதைத் தீட்டுவது பெரும் தொல்லை. பென்சில் கனத்தைத் தாண்டிய கிளைக்குக் கவாத்துக் கத்தரியை எடுங்கள். பத்துக் கருவிகள் மடங்கிக் கிடக்கும் கத்தி கடைக் கண்ணாடிக்குள் அழகாக இருக்கும், அவ்வளவுதான். ஈர மண் புகுந்தால் ஒன்றும் திறக்காது.

பூட்டில்லாத கத்தி வேண்டவே வேண்டாம். அழுத்தும்போது மடங்கினால் விரல் போய்விடும். கட்டைவிரலால் பக்கத் தகட்டைத் தள்ளித் திறக்கும் பூட்டுகள் பெரும்பாலும் வலதுகைக்காகச் செய்யப்பட்டவை. வளையத்தைத் திருகிப் பூட்டும் வகை உங்களுக்கு வசதி. பிரான்சின் ஒப்பினெல் கத்திகளில் 1955 முதல் அந்த வளையம் உண்டு. அவற்றின் மரப்பிடி ஐப்பசி மழையில் ஊறிப் பருத்து அலகை இறுக்கிவிடும், காயவைத்தால் சரியாகும்.

கார்பன் எஃகு கூர் ஏறுவதில் நிகரற்றது. ஆனால் கடலோர உப்புக்காற்றில் ஓரிரவு ஈரத்தோடு விட்டாலே துருத் தெரியும். உங்கள் ஊருக்குத் துருப்பிடிக்காத எஃகையே சொல்வேன். அதற்கும் மாம்பாலைத் துடைத்து, கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும்.

வாடல் நோய் கண்ட தக்காளியை வெட்டிய கத்தியோடு அடுத்த செடிக்குப் போகாதீர்கள். மண்ணையும் சாற்றையும் துடைத்துவிட்டு 70 சதவீத ஆல்கஹாலால் அலகை நனைத்து உலர விடுங்கள். ப்ளீச்சிங் கரைசல் கூடாது. துருப்பிடிக்காத எஃகையும் அது அரிக்கும்.