ப்ரஷர் 16, பிறகு ஏன் சொட்டு மருந்து?

வணக்கம் ஐயா,

அப்பாவுக்கு 62 வயது. சேலத்தில் காட்டினோம். கண் ப்ரஷர் 16, நார்மல் என்றார்கள். ஆனால் கண் நரம்பு பாதித்திருக்கிறது, ஆயுசுக்கும் சொட்டு மருந்து விட வேண்டும் என்கிறார்கள். சந்தேகப்பட்டு பெங்களூரில் காட்டினால், கண் நரம்பிழைகளின் தடிமனை அளக்கும் ஓசிடி ஸ்கேனில் எண்கள் வேறு மாதிரி வந்தன. அப்பாவோ, “பேப்பர் நன்றாகத்தானே படிக்கிறேன்” என்று மருந்தை ஒதுக்கிவிட்டார். எதை நம்புவது?

கு., பாலக்கோடு

அன்புள்ள கு.,

நான் டாக்டர் இல்லை. மருந்தை நிறுத்தலாமா என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், கண் நரம்பைக் கெடுக்கும் க்ளாக்கோமா என்ற நோயைத்தான் அவர்கள் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் உங்கள் குழப்பம் முழுக்க எண்களில் இருக்கிறது, அதைப் பேசலாம்.

கண் ப்ரஷர் 21க்குள் இருந்தால் நார்மல் என்பது பொதுவாக மக்களிடம் காணும் அளவை வைத்துப் போட்ட கோடு. நோய் அந்தக் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. ப்ரஷர் அதிகமாக, ஆனால் நரம்பு நன்றாக இருந்த 1,636 பேரை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2002இல் வந்தது. மருந்தே விடாதவர்களில் 5 ஆண்டுகளில் பாதிப்பு வந்தது 9.5 சதவீதம் பேருக்கு. மருந்து விட்டவர்களில் 4.4. அதாவது ப்ரஷர் அதிகமாக இருந்தும், அந்த 5 ஆண்டுகளில் பெரும்பாலோருக்கு நரம்பு கெடவில்லை. மறுபக்கம், ப்ரஷர் நார்மலாக இருந்தும் நரம்பு கெட்டவர்களை வைத்து நடந்த ஆய்வு 1998இல் வெளியானது. அந்த ‘நார்மல்’ ப்ரஷரையே 30 சதவீதம் குறைத்தபோது பலருக்கு நோயின் வேகம் தணிந்தது. அப்பாவின் 16க்கு மருந்து எழுதியது இதனால்தான் இருக்கும். கருவிழி மெல்லியதாக இருந்தால் கருவி ப்ரஷரைக் குறைத்தும் காட்டும். அதன் தடிமனை அளந்தார்களா என்று கேளுங்கள்.

ஓசிடி விஷயத்தில் இரண்டு ஆஸ்பத்திரியுமே சரியாகச் சொல்லியிருக்கலாம். நரம்பிழைப் படலத்தின் எல்லையை ஒவ்வொரு கம்பெனி மெஷினும் தன் கணக்குப்படி வரைகிறது. அதனால் ஒன்று காட்டும் மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. அதே மெஷினில், அதே கண்ணில், வருடா வருடம் எவ்வளவு குறைகிறது என்பதே சேதி. நம் பக்கத்து ஆட்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஒரு தடவை சேலம், ஒரு தடவை பெங்களூர், நடுவில் ஊர் முகாம். போகிற இடமெல்லாம் புதிதாக ஸ்கேன், பழைய தாள் வீட்டுப் பரணில். ஓர் இடத்தை முடிவு செய்து, எல்லாத் தாளையும் ஒரே ஃபைலில் போட்டு எடுத்துப் போங்கள். வெளிச்சப் புள்ளி தெரியும்போது பட்டனை அழுத்தச் சொல்லி ஓரப் பார்வையைச் சோதிக்கும் பீல்டு டெஸ்டும் அப்படித்தான். பட்டனை எப்போது அழுத்துவது என்று பிடிபடவே முதல் தடவை போய்விடும், அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம்.

அப்பா பேப்பர் படிப்பது நடுப்பார்வையால். இந்த நோய் பெரும்பாலும் நடுவைக் கடைசியில்தான் தொடும். பார்வையின் ஓரத்தில் விழும் ஓட்டையை இன்னொரு கண் ஈடுகட்டி மறைத்துவிடும். சரி, ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்க்கச் சொல்லலாமா என்றால், ஆரம்பத்தில் அதிலும் தெரியாது.

அப்புறம் ஒன்று. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். அடுத்த முறை அப்பாவைக் கூட்டிப் போகும்போது நீங்களும் கண் பாப்பாவைப் பெரிதாக்கும் மருந்து விட்டு, நரம்பைக் காட்டிவிட்டு வாருங்கள். அன்றைக்கு பைக் ஓட்ட வேண்டாம், பஸ்ஸில் போங்கள்.