10 லட்சம் 31 நாளில் தீர்ந்துவிடும்

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் ஓர் ஏக்கர் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்கு (58) நரம்புகளைத் தாக்கும் கில்லன்-பாரே நோய். கை, கால், மூச்சுத் தசைகள் செயலிழந்து, 26 நாட்களாகக் கோவையில் தனியார் மருத்துவமனை ஐசியூவில் வென்டிலேட்டரில் இருக்கிறார். கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். ஐசியூவுக்கு நாளொன்றுக்கு 32,000 ரூபாய். 5 லட்சம் காப்பீடு தீர்ந்துவிட்டது. 4 லட்சம் நகைக்கடன், 3 வட்டிக்கு 3 லட்சம் கைமாற்று. அங்கேயே ஐசியூவுக்கும் சாதாரண வார்டுக்கும் இடைப்பட்ட இடைநிலை வார்டு, வென்டிலேட்டருடன், நாளொன்றுக்கு 14,000 ரூபாய்க்கு உண்டு. "ஐசியூவை விட்டு இறக்கினால் ஊர் என்ன பேசும்?" என்கிறார் பெரியப்பா. தோட்டத்தைக் கிரயம் எழுதிக்கொடுத்தால் ஒருவர் 10 லட்சம் கடன் தருகிறாராம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. கடனுக்கு ஈடாகக் கிரயம் எழுதிக்கொடுத்தால் பத்திரப்படி அது விற்பனை. வட்டியை ஒழுங்காகக் கட்டினாலும் தோட்டத்தை மீட்க நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும்.

ஆனால் உங்களைக் கரைப்பது வேறொரு பழக்கம். மருத்துவமனை முன்பணம் கேட்டால் அன்று மாலையே கடனுக்கு ஓடுகிறீர்கள். "இவருக்கு இன்னும் ஐசியூ எதற்காக?" என்று மருத்துவரிடம் கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

வென்டிலேட்டர் நோயைக் குணமாக்குவதில்லை. நரம்பு தேறும்வரை மூச்சைத் தாங்கிப்பிடிக்கிறது. இந்த நோயில் பலர் எழுந்து நடக்கிறார்கள், ஆனால் அதற்கு மாதங்கள் ஆகும். 10 லட்சத்தை 32,000 ஆல் வகுத்தால் 31 நாள். 14,000 ஆல் வகுத்தால் 71 நாள். அதற்குப் பிறகும் பிசியோதெரபி இருக்கிறது. அப்பா நடக்கப் பழகும் நாளில் கையில் காசு இருக்க வேண்டாமா?

ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் திடீரென ஏறி இறங்குவது இந்த நோயின் பெரிய ஆபத்து. அது இருக்கும்வரை ஐசியூதான். அதில் சிக்கனம் பார்க்காதீர்கள். அது அடங்கி, காய்ச்சலும் இல்லாமல், ஆக்சிஜன் தேவையும் குறைந்திருந்தால் வார்டுக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். இரவில் சளி உறிஞ்சத் தெரிந்த செவிலியர் அங்கே இருப்பாரா என்பதையும் கேளுங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரியுங்கள். வென்டிலேட்டர் படுக்கை உறுதியாகாமல் மட்டும் கிளம்பாதீர்கள். குடும்ப வருமானம் வரம்புக்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு.

இப்போது யாரைக் கேட்டாலும் 'வீட்டிலேயே ஐசியூ' என்று மாத வாடகைப் பேக்கேஜ் சொல்கிறார்கள். உங்களுக்கு அது இப்போது வேண்டாம். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான் அங்கே. மழைக்காலத்தில் மின்சாரம் போகும், மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபடும். கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை அழுத்திக்கொண்டு எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருப்பீர்கள்? தானாக மூச்சு விடத் தொடங்கட்டும், பிறகு ஊருக்கு அழைத்துவரலாம்.

3 வட்டிக் கடனை முதலில் அடைத்துவிடுங்கள். 3 லட்சத்துக்கு மாதம் 9,000, ஆண்டுக்கு 1,08,000 வட்டி மட்டும் போகிறது. அதற்குத் தோட்டத்தின் பேரில் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ முறையான அடமானக் கடன் கேளுங்கள்.

நாளைக்கு மருத்துவரைப் பார்க்கும்போது பெரியப்பாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வார்டுக்கு மாற்றலாமா கூடாதா என்பதை மருத்துவர் வாயால் அவரே கேட்கட்டும்.