ஜர்னலுக்கு ஜர்னல் ரெஃபரன்ஸ் வடிவம் மாறுகிறதே, எப்படிச் சமாளிப்பது?

முதல் ஆய்வுக் கட்டுரையை அனுப்பப் போகிறீர்கள். 60 ரெஃபரன்ஸையும் வேர்டில் கையாலேயே அடித்து வைத்திருக்கிறீர்கள். இப்போது ஜர்னல் வேறு வடிவம் கேட்கிறது, திரும்ப முதலிலிருந்து அடிக்க வேண்டுமா என்பது உங்கள் கேள்வி. படித்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. நானும் அதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவன்.

பெங்களூரில் ஜிகேவிகே என்னும் வேளாண் பல்கலைக்கழக வளாகம் பக்கம் ஓர் ஆய்வகத்தில் பிஎச்டி செய்தேன். ராகி வயல் மண்ணில் இருக்கும் பாக்டீரியாதான் தலைப்பு. முதல் கட்டுரையில் 84 ரெஃபரன்ஸ், கட்டுரைக்குள் வரும் வரிசைப்படி 1, 2, 3 என்று எண் போடும் முறை. கட்டுரையை மதிப்பிட்ட ரிவியூவர் ஒருவர் அறிமுகப் பகுதியில் இன்னொரு கட்டுரையைச் சேர்க்கச் சொன்னார். அது ஏழாவது இடத்தில் போய் உட்கார்ந்தது. அவ்வளவுதான், பழைய 7 முதல் 84 வரை எல்லா எண்ணும் ஒன்று நகர வேண்டும். ராத்திரி முழுக்க உட்கார்ந்து மாற்றினேன். அதற்குப் பிறகும் கட்டுரையை நிராகரித்தார்கள். அடுத்த ஜர்னல் கேட்டதோ ஆசிரியர் பெயரும் ஆண்டும், பட்டியல் அகர வரிசையில். தீபாவளிக்குத் தர்மபுரி போக சாந்திநகரில் பஸ் ஏறியவன் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு கமா போட்டபடியே ஓசூர் தாண்டினேன்.

திரும்பி வந்து கைடிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் கும்பகோணத்துக்காரர். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இந்தக் கமாவையெல்லாம் மிஷின் போடும். மிஷினுக்குத் தெரியாததை நீ பாரு" என்று மூன்று பெயர்களைச் சுழித்தார். மூன்றும் தப்பு.

மிஷின் பக்கத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ரெஃபரன்ஸைச் சேமித்து வடிவமைத்துத் தரும் மென்பொருள்கள் உண்டு. அதில் ஜோட்டெரோ இலவசம், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். மெண்டலே, எண்ட்நோட் பழகியிருந்தால் அதுவே போதும், மாறத் தேவையில்லை. வேர்டில் இதற்கென்று ஒரு பட்டை வந்துவிடும். மேற்கோளை அதன் வழியாகச் செருகினால், நடுவில் எதைச் சேர்த்தாலும் எண்கள் தானாக மாறும். வடிவத்தை மாற்றுவது ஒரு கிளிக். ஒரே எச்சரிக்கை: அது உருவாக்கிய பட்டியலில் கையால் திருத்தாதீர்கள், அடுத்த முறை புதுப்பிக்கும்போது உங்கள் திருத்தம் காணாமல் போகும். மென்பொருளுக்குள் அந்தக் கட்டுரைக்கென்று இருக்கும் பதிவில் போய்த் திருத்துங்கள். அனுப்புவதற்கு முன் கோப்பை நகலெடுத்து, நகலில் மட்டும் மென்பொருளுடன் இருக்கும் இணைப்பைத் துண்டித்துவிட்டு அனுப்புங்கள்.

ஏன் இத்தனை வடிவம் என்று எரிச்சல் வருவது நியாயம்தான். பெயர், ஆண்டு முறைக்கு ஹார்வர்ட் விலங்கியலாளர் எட்வர்ட் மார்க் 1881இல் ஓடில்லா நத்தை பற்றி எழுதிய கட்டுரையைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள். மருத்துவ ஜர்னல்கள் பயன்படுத்தும் எண் முறை, 1978இல் எடிட்டர்கள் வான்கூவரில் கூடிப் பேசியதிலிருந்து வந்தது. நடைமுறையில் வித்தியாசம் எப்படி இருக்கும் என்றால், இயற்பியலாளர் ஜி.என். ராமச்சந்திரன் இங்கே பெங்களூர் ஐஐஎஸ்சிக்குத் திரும்பி வருவதற்கு முன் சென்னையில் இருந்தபோது இருவருடன் சேர்ந்து எழுதிய 1963ஆம் ஆண்டுக் கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். வான்கூவர் முறையில் ஜர்னல் பெயர் 'ஜே மோல் பயோல்' என்று சுருங்கும், பக்கம் 95-9 ஆகும். அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ முறையில் (இது பெயர், ஆண்டு வகை) 'ஜர்னல் ஆஃப் மாலிக்யூலர் பயாலஜி' என்று முழுதாக வரும், பக்கம் 95–99. ஆசிரியர் கணக்கும் அப்படியே. வான்கூவரில் ஆறு பேர் வரை எழுதிவிட்டு மற்றவர்களை 'மற்றும் பிறர்' ஆக்குவார்கள். ஏபிஏயின் ஏழாம் பதிப்பில் 20 பேர் வரை எழுத வேண்டும். நேச்சர் ஜர்னலில் ஐந்துக்கு மேல் போனால் முதல் ஆளோடு சரி. அதனால்தான் பதிவில் எல்லா ஆசிரியரும், முழு ஜர்னல் பெயரும், முழுப் பக்க எண்ணும் இருக்க வேண்டும். இருப்பதைச் சுருக்க மென்பொருளுக்குத் தெரியும், இல்லாததை அது எங்கே போய்த் தேடும்?

கட்டுரைத் தலைப்பும் இதே கதைதான். முதல் சொல்லும் சிறப்புப் பெயர்களும் தவிர மற்றதெல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில் இருக்கும்படி சேமியுங்கள். அதிலிருந்து பெரிய எழுத்துக்கு மென்பொருள் மாற்றித்தரும், எதிர்த்திசையில் சொதப்பும். வேர்டுக்குப் பதில் லேடெக் மென்பொருளில் எழுதுபவர்கள் டிஎன்ஏ போன்றவற்றை நெளிவு அடைப்புக்குறிக்குள் போடாவிட்டால் அதன் ரெஃபரன்ஸ் கருவியான பிப்டெக்கின் பல வடிவங்கள் அதையும் சிறிய எழுத்தாக்கிவிடும்.

இப்போது கைடு சுழித்த விஷயத்துக்கு வருகிறேன். பெயர். நம் ஆட்கள் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, மென்பொருளோ குடும்பப் பெயர் என்று ஒரு கட்டத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. இரண்டு நோபல்காரர்களையே பாருங்கள். வானியற்பியலாளர் சந்திரசேகருக்கு சுப்ரமணியன் என்பது அப்பா பெயர். ரெஃபரன்ஸில் 'சந்திரசேகர் எஸ்', சொந்தப் பெயரே முன்னால் நிற்கிறது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு ராமகிருஷ்ணன்தான் அப்பா பெயர். ரெஃபரன்ஸில் 'ராமகிருஷ்ணன் வி', அதாவது அப்பா முன்னால், மகன் வெறும் இனிஷியல். இரண்டும் சரி, ஏனென்றால் அவரவர் தங்கள் கட்டுரையில் அப்படித்தான் போட்டுக்கொண்டார்கள். நமக்குத் தெரிந்த முறைப்படி 'திருத்த' நமக்கு உரிமை இல்லை, அச்சில் உள்ளபடியே போட வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், பாஸ்போர்ட் எடுத்த பிறகு பலர் பெயரை மாற்றி எழுதத் தொடங்குவார்கள். என்னையே சொல்லலாம். முதல் கட்டுரையில் இனிஷியலோடு என் பெயர், அடுத்ததில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி அப்பா பெயர் கடைசியில். தேடினால் இரண்டு ஆட்கள் வருகிறார்கள். அப்பாவுக்கும் பாக்டீரியாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அவர் ரேஷன் கடையில் வேலை பார்த்தவர். நீங்கள் முதல் கட்டுரையிலேயே ஒரு வடிவத்தை முடிவு செய்துவிடுங்கள், ஆய்வாளருக்கான தனி அடையாள எண்ணான ஆர்சிட்டும் வாங்கிவிடுங்கள்.

அப்புறம், அடுத்தவர் பட்டியலிலிருந்து நகலெடுக்காதீர்கள். கோஸ்டர்லிட்ஸும் தவுலஸும் 1973இல் எழுதிய இயற்பியல் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்களை 2003 வாக்கில் இரண்டு ஆய்வாளர்கள் அலசினார்கள். சுமார் 4300 மேற்கோளில் 196 தப்பு. அதில் ஒரே பக்க எண் தப்பு மட்டும் 78 முறை. 78 பேருக்கும் ஒரே இடத்தில் விரல் வழுக்கியிருக்காது. இதைவிட வேடிக்கை, எல்சிவியர் தன் வழிகாட்டியில் மாதிரிக்காக 'அறிவியல் கட்டுரை எழுதும் கலை' என்று இல்லாத ஒரு கட்டுரையைப் போட்டிருந்தது. அதை ஏறத்தாழ 400 கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருப்பது 2017இல் தெரியவந்தது. மாதிரிக் கோப்பின் மேலேயே தட்டச்சு செய்தவர்கள் அதை அழிக்க மறந்திருக்கிறார்கள். இப்போது சாட்ஜிபிடியிடம் ரெஃபரன்ஸ் கேட்டால் சில சமயம் இல்லாத கட்டுரையைச் சுடச்சுடச் சமைத்துத் தருகிறது, வடிவம் மட்டும் அச்சு அசலாக இருக்கும்.

சரி, உங்கள் 60க்கு வழி. அனுப்பப் போகும் ஜர்னலின் விதிகளை ஒருமுறை படியுங்கள். முதல் முறை எந்த வடிவத்தில் அனுப்பினாலும் ஏற்கும் ஜர்னல்கள் நிறைய உண்டு. பிறகு கிராஸ்ரெஃப் தளத்தில், பட்டியலை அப்படியே ஒட்டினால், ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள தனி அடையாள எண்ணான டிஓஐயைத் தேடித்தரும் வசதி இருக்கிறது. கிடைக்கும் எண்களை மொத்தமாக ஜோட்டெரோவின் மந்திரக்கோல் பொத்தானில் ஒட்டினால் பதிவுகள் வந்து இறங்கும். ஒவ்வொன்றையும் பிடிஎஃபின் முதல் பக்கத்தோடு ஒப்பிடுங்கள், குறிப்பாகப் பெயர்களை. திரும்பப் பெறப்பட்ட கட்டுரை ஏதாவது இருந்தால் ஜோட்டெரோவே சிவப்பில் காட்டும். இந்தியப் பல்கலைக்கழக தீசிஸ்களின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவிலிருந்து எடுத்த தீசிஸ்களைப் பெரும்பாலும் கையால்தான் சேர்க்க வேண்டியிருக்கும்.

எனக்கு ஒரு சனிக்கிழமை முழுதும் ஆனது. ஒன்பதுக்கு டிஓஐ கிடைக்கவில்லை. எட்டு பழைய புத்தகங்களும் தீசிஸ்களும். ஒன்பதாவது, சீனியர் தீசிஸிலிருந்து நான் அப்படியே எடுத்துப் போட்டது. அந்தத் தொகுதியைத் தேடி, அந்தப் பக்கத்தைத் திறந்தால் மீன் வளர்ப்பு பற்றிய கட்டுரை இருந்தது.