திரைக்குப் பின்னால் நின்று பங்கு போடுவது

வணக்கம்.

அமெரிக்கத் தத்துவஞானி ஜான் ரால்ஸின் ‘அறியாமைத் திரை’ பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பணக்காரராகப் பிறப்போமா, ஏழையாகப் பிறப்போமா என்று தெரியாமல் சமூகத்துக்கு விதி எழுதச் சொன்னால், கடைசிப்படியில் இருப்பவரை முடிந்தவரை உயர்த்தும் விதியையே எல்லோரும் தேர்வார்கள் என்கிறார். எனக்கு இது பயந்தாங்கொள்ளியின் கணக்காகத் தெரிகிறது. நிஜ மனிதர்கள் இப்படியா யோசிப்பார்கள்?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

இதே குறையை ஹங்கேரியில் பிறந்த பொருளியலாளர் ஜான் ஹர்சன்யி 1975-லேயே சொல்லிவிட்டார். நியூயார்க்காரர் ஒருவருக்கு இரண்டு வேலை கிடைக்கிறது. உள்ளூர் வேலை சலிப்பு, சம்பளமும் குறைவு. சிகாகோ வேலை அருமை, ஆனால் விமானத்தில் போக வேண்டும். விமானம் விழலாமே! மோசமான விளைவை மட்டும் பார்க்கிறவர் உள்ளூரிலேயே கிடக்க வேண்டியதுதான். எந்த இடமும் சம வாய்ப்பில் நமக்கு வரலாம் என்று வைத்துக்கொண்டு சராசரி நலனைப் பெருக்கு என்பது அவர் கட்சி.

நிஜ மனிதர்களை நார்மன் ஃப்ரோலிக், ஜோ ஓப்பன்ஹைமர் (அணுகுண்டு ஓப்பன்ஹைமர் அல்ல) என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1980களில் சோதித்தார்கள். மாணவர்களை ஐந்தைந்து பேராக உட்காரவைத்து, யாருக்கு எந்த வருமானம் விழும் என்று சொல்லாமல், பேசி ஒரு விதியை முடிவுசெய்யச் சொன்னார்கள். அமெரிக்கா, கனடா, போலந்து என்று நடந்தது. ரால்ஸின் விதியைக் கிட்டத்தட்ட யாரும் சீண்டவில்லை. வெறும் சராசரிக்கும் ஆதரவு குறைவுதான். பெரும்பாலான குழுக்கள் எடுத்தது மூன்றாவது வழி: இதற்குக் கீழே யாரும் போகக்கூடாது என்று ஒரு குறைந்தபட்ச வருமானம், அதற்கு மேல் சராசரி எவ்வளவு ஏறினாலும் ஏறட்டும்.

ஆக, உங்கள் சந்தேகம் பாதி சரி. மனிதர்களுக்குக் கடைசி ஆளாக இருப்பது பற்றி அவ்வளவு பயமில்லை, கையில் ஒன்றுமில்லாமல் போவதுதான் பயம். அது தீர்ந்துவிட்டால், உழைத்தவனும் கெட்டிக்காரனும் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்வதில் பெரிய வருத்தமில்லை.

ஆனால் இந்தச் சோதனையை ரால்ஸ் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மாணவர்கள் பணயம் வைத்தது சில டாலர்கள். தோற்றாலும் இரவுச் சாப்பாடு உண்டு. ரால்ஸ் பேசுவது முழு வாழ்க்கையை, பிள்ளைகளின் வாழ்க்கையையும் சேர்த்து. ஒருமுறை தேர்ந்தால் தேர்ந்ததுதான். எந்த இடம் கிடைக்க எத்தனை வாய்ப்பு என்பதுகூட அவருடைய திரைக்குப் பின்னால் தெரியாது. ஹர்சன்யியின் விமானப் பயணிக்கோ, விபத்து அபூர்வம் என்று நன்றாகத் தெரியும்.

அப்புறம், அந்தக் குறைந்தபட்சத்தை எவ்வளவு என்று வைப்பது? மாணவர்கள் தங்களுக்குள் பேரம் பேசித்தான் ஒரு தொகைக்கு வந்தார்கள். இந்தச் சிக்கலை ரால்ஸ் 1971-ல் வந்த ‘நீதிக்கோட்பாடு’ நூலிலேயே கிளப்பியிருக்கிறார்: இப்படிக் கலப்பு விதி வைப்பவர்கள், அந்த அளவை நிர்ணயிக்கும்போது தெரியாமலேயே என் விதியைத்தான் பயன்படுத்துகிறார்களோ என்னவோ என்று. இதற்குச் சரியான பதிலைப் பார்க்கும்வரை அவர் கணக்கைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை.