பழம்பொருள் கேள்வி–பதில்: வாளின் வயது

கேள்வி: பழம்பொருள் வியாபாரி ஒருவர் தல்வார் (வளைந்த இந்திய வாள்) ஒன்றைக் காட்டினார். தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்தது, திப்பு காலத்து உருக்கு வாள் என்கிறார். அலகில் நீரோட்டம் போல் வரிகள் தெரிகின்றன. ஒன்றரை லட்சம் கேட்கிறார். வாங்கலாமா? – வாசகர், தேவகோட்டை

பதில்: முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுதினீர்களே, நல்லது. தஞ்சை, திப்பு, உருக்கு என்று மூன்று பெருமைகளையும் ஒரே வாளின் தலையில் கட்டினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். 2023 மே மாதம் லண்டனில் திப்புவின் வாள் ஒன்று சுமார் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. அது முதல் பழைய வாள் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் திப்பு நினைவுதான். ஆனால் அந்த வாளுக்குப் பின்னால் ஆதாரம் இருந்தது: 1799-இல் திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் ஆங்கிலேயப் படைத்தலைவர் டேவிட் பேர்டுக்கு அது கொடுக்கப்பட்டது என்ற வரலாறு. உங்கள் வியாபாரியிடம் இருப்பது வாய்ச்சொல் மட்டும்.

தஞ்சைக் கதையையும் பார்ப்போம். 1855-இல் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார். அரசு ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1860-களில் ஆயுதசாலையைக் கலைத்தார்கள். தேர்ந்தெடுத்த சில சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. எஞ்சியவற்றை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். இதை எழுதும்போது இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. எனவே உண்மையான தஞ்சை வாள் கடைவீதியில் கிடைப்பது அபூர்வம். வாங்குவதற்கு முன் ஒருமுறை எழும்பூரில் உள்ள அந்த அருங்காட்சியகத்துக்குப் போய் அந்த ஆயுதங்களைப் பாருங்கள். பிடியில் யாளி முகங்களையும், இரும்பைத் துளைத்துச் செதுக்கிய வேலையையும், கைமறைப்பு வைத்த கட்டாரிகளையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு வந்தால், கடையில் உங்கள் கண்ணே பாதி வேலையைச் செய்துவிடும்.

இனி வாளைக் கையில் எடுங்கள். நான் முதலில் பார்ப்பது அலகையல்ல, அலகு பிடிக்குள் நுழையும் இடத்தை. பழைய தல்வாரில் அலகின் வால் பகுதியைப் பிடிக்குள் செருகி, உருக்கிய அரக்குக் கலவையை ஊற்றி இறுக்கியிருப்பார்கள். அந்த வாயில் கருத்து வெடித்த அரக்கு தெரியும். அங்கே பற்றவைத்த தழும்போ, பளபளக்கும் நவீனப் பசையோ இருந்தால் கவனம் தேவை. பிடியின் தலையில் திருகாணியை மறைத்து முடுக்கியிருந்தால் அது பெரும்பாலும் அண்மைக்கால வேலை. பிறகு பிடியைப் பற்றிப் பாருங்கள். பழைய தல்வார் பிடி நம் கைக்குச் சிறியதாக, நெருக்கமாக இருக்கும். விரல்கள் இறுக, பிடியின் தலையிலுள்ள வட்டத் தட்டு மணிக்கட்டில் அழுந்தும். கை தாராளமாக நுழையும் பிடியைப் பெரும்பாலும் இன்றைய வாடிக்கையாளரை நினைத்துச் செய்திருப்பார்கள்.

அடுத்து, அலகின் முதுகை மேலிருந்து பாருங்கள். கொல்லன் அடித்த அலகு பிடியருகே தடித்து, முனையை நோக்கி மெல்ல மெலிந்துகொண்டே போகும். ஒரே கனத்தில் முனை வரை ஓடினால் அது தகட்டை வெட்டித் தீட்டியது. புது நகல்களை எளிதில் பிடித்துக்கொடுப்பது இந்தச் சோதனைதான். வெறும் கண்ணே போதும்.

வரிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மண் மூசையில் (உலோகம் உருக்கும் சிறு கலத்தில்) இரும்பையும் இலை, மரத்துண்டு போன்றவற்றையும் இட்டு மூடி உருக்கி, மெதுவாகக் குளிரவைத்தால் கிடைப்பது நம் உருக்கு. தமிழ்நாட்டில் மேல்சிறுவளூரிலும் தெலுங்கானாவில் கோனசமுத்திரத்திலும் அந்தத் தொழில் நடந்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அதன் வரி இரும்பின் உள்ளேயே பிறப்பது. நுண்ணியதாக, ஒழுங்கற்றதாக இருக்கும். அலகைச் சாய்த்து வெளிச்சத்தில் திருப்பினால்தான் பெரும்பாலும் புலப்படும். இரண்டு வகை உலோகத்தை அடுக்கி அடித்துச் செய்த இன்றைய அலகில் கறுப்பு வெள்ளையாக, ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும். மூன்றாவது வகை, வெறும் அமிலத்தால் வரைந்த கோடு. அது அலகின் முதுகில் தொடராமல் நின்றுவிடும். லேசாக மெருகேற்றினாலே மறையும். இந்தச் சோதனையைக் கடையில் நீங்களே செய்யாதீர்கள். உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரை அழைத்துப் போங்கள்.

துருவை நம்பி ஏமாந்தவர்கள் அதிகம். பழைய துரு கரும்பழுப்பாக இறுகிப் பிடித்திருக்கும், இடத்துக்கு இடம் மாறும். விரலில் செம்மஞ்சளாக ஒட்டிக்கொண்டு, அலகு முழுவதும் ஒரே சீராகப் படர்ந்த துரு அண்மையில் அமிலமோ உப்போ இட்டு வரவழைத்ததாக இருக்கலாம்.

கேள்வி: அலகில் பொன் எழுத்தில் இஸ்பஹான் அசதுல்லாவின் பெயர் இருக்கிறது. இதைவிடச் சான்று வேண்டுமா? – வாசகர், வேலூர்

பதில்: வேண்டும். பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் அந்தக் கொல்லரின் பெயரைப் பின்வந்த தலைமுறையினர் தரமுத்திரை போலவே பொறித்தார்கள். பழங்கால வாளிலேயே அது பொய்யாக இருக்கலாம். வாள் நல்ல வாளாகவும் இருக்கலாம். பெயரை விட்டுவிட்டுப் பொன்னைப் பாருங்கள். இரும்பின்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அதில் பொன் கம்பியை அடித்துப் பதிப்பதே பழைய முறை. பொன் தேய்ந்த இடத்தில் பூதக்கண்ணாடி வைத்தால் அந்தக் கீறல்கள் தெரியும். முலாம் பூசியதில் கீறல் இருக்காது. உதய்ப்பூரில் இன்றும் இந்தப் பதிப்பு வேலையை அருமையாகச் செய்கிறார்கள். ஆகவே கீறல் இருப்பது கைவேலைக்குச் சான்று, வயதுக்கு அல்ல. புதியதைப் புதியது என்று சொல்லி விற்றால் மகிழ்ச்சியாக வாங்குங்கள், அந்தக் கைகளுக்குப் பிழைப்பு வேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் பாட்டனார் காலத்து வாள் இருக்கிறது. ஆயுத பூஜைக்குப் புளி போட்டுத் துலக்கி, முனையில் எலுமிச்சம்பழம் குத்துவோம். விற்கும் எண்ணம் இல்லை. – வாசகி, சிவகங்கை

பதில்: அம்மா, பூஜையை விட வேண்டாம், புளியையும் பழத்தையும் விட்டுவிடுங்கள். இரண்டும் அமிலம். ஒவ்வோர் ஆண்டும் துலக்கத் துலக்க, எழுத்தும் வரியும் இருந்தால் அவையும் சேர்ந்தே கரையும். பழத்தை வாளின் அருகில் தட்டில் வையுங்கள். திருநீறு, குங்குமத்தை அன்று மாலையே உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய இயந்திர எண்ணெயைப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து அழுக்கைப் பிடிக்கும். தோல் உறைக்குள் நிரந்தரமாக வைக்காதீர்கள், ஈரம் தங்கும்.

கேள்வி: பழைய வாளை வாங்கச் சட்டம் தடுக்கிறதா? – வாசகர், கோவை

பதில்: 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த வாள் தொல்பொருள். அதை விற்கும் வணிகருக்கு உரிமம் வேண்டும். தனியார் யாரும் வெளிநாட்டுக்கு எடுத்துப்போக முடியாது, வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குப் பரிசாகக்கூட அனுப்பக் கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் வாளைத் தொடும். உங்கள் பகுதிக்கு உரிமம் தேவையா என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கடையில் வணிகரின் உரிமத்தைப் பாருங்கள். ரசீதில் வெறுமனே 'அலங்காரப் பொருள்' என்று எழுதவிடாதீர்கள். எந்த நூற்றாண்டு, எந்த ஊர் வேலை என்று வாயால் சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வாளைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.