சலூன்காரர் சிரித்தால் ஆசிரியரும் சிரிக்கிறாரா?

அமெரிக்க எழுத்தாளர் ரிங் லார்ட்னரின் ‘ஹேர்கட்’ (1925) கதையில் ஜிம் என்பவனின் கொடுமைகளைக் கதைசொல்லியான சலூன்காரர் ரசித்து ரசித்துச் சொல்கிறாரே, ஆசிரியரும் அவன் பக்கமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை என்பேன். சலூன்காரரின் பாராட்டுகளை அடித்துவிட்டு, நடந்ததை மட்டும் படியுங்கள். சர்க்கஸுக்கு அழைத்துப்போவதாகச் சொல்லி மனைவி மக்களைக் கூடார வாசலில் காக்க வைத்துவிட்டு, ஜிம் வேறெங்கோ குடித்துக்கொண்டிருக்கிறான். பிள்ளைகள் அழுகிறார்கள். டாக்டர் ஸ்டேர்தான் அவர்களை உள்ளே அழைத்துப்போகிறார். சலூன்காரருக்கு இதுவும் வேடிக்கைதான். ஆனால் அந்த அழுகையை அவர் மறைக்கவில்லை. ஆசிரியர் எட்டிப் பார்ப்பது அங்கேதான்.

சலூன்காரரைப் பொய்யர் என்று எழுதிவிடாதீர்கள். பார்த்ததைச் சொல்கிறார், எடைபோடத்தான் தெரியவில்லை. கடைசியில் பால் என்ற இளைஞன் ஜிம்மைச் சுட்டுக் கொன்றது விபத்து என்று உண்மையிலேயே நம்புகிறாரா? நம்புகிறார் என்றே நினைக்கிறேன். ஆனாலும், மரண விசாரணை அதிகாரியும் அதே டாக்டர்தான் என்று போகிறபோக்கில் சொல்வது எனக்கு இன்னும் உறுத்துகிறது. கடைசி வரியையும் விட்டுவிடாதீர்கள். ஒரு சாவைச் சொல்லி முடித்த கையோடு, தலையை ஈரமாக வாரட்டுமா, உலர்வாகவா என்று வாடிக்கையாளரிடம் கேட்கிறார்.