வண்டி வாசல்: பழைய மின்சாரக் காருக்கு என்ன விலை சொல்வது?

கேள்வி: 2021 ஆகஸ்டில் நெக்ஸான் இவி எக்ஸ்இசட் பிளஸ் வாங்கினோம். ரோட்டுக்கு வரும்போது 16 லட்சம் ஆனது. 58,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கடன் முடிந்துவிட்டது. மகளோடு பெங்களூரு குடிபோவதால் விற்றாக வேண்டும். 11 லட்சம் என்று விளம்பரம் கொடுத்து ஆறு வாரம் ஆகிறது. போன் வருகிறதே தவிர யாரும் நேரில் வரவில்லை. பழைய கார் வாங்கும் நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு ஆறேகால் லட்சம் என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. எதுதான் நியாயமான விலை?
ஓர் ஆசிரியை, திருப்பூர்

பதில்: அம்மா, 11 லட்சமும் சரியில்லை, ஆறேகாலும் சரியில்லை. நானும் இதே மாடல் காரைப் போன வருடம் கோவையில் புரோக்கர் இல்லாமல் விற்றவன்தான். அதனால் உங்கள் தூக்கமில்லாத இரவு எனக்குப் புரிகிறது.

முதலில் அந்த 16 லட்சத்தை மறந்துவிடுங்கள். வாங்க வருகிறவர் நீங்கள் கொடுத்த விலையைப் பார்ப்பதில்லை. இன்றைக்கு ஷோரூமில் புதுசு என்ன விலை என்றுதான் பார்க்கிறார். பெட்ரோல் கார் என்றால் புது விலை பெரும்பாலும் ஏறும், அந்த ஏற்றம் பழைய வண்டியையும் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். மின்சாரக் காரில் நடந்தது நேர்மாறு. பேட்டரி செல் விலை இறங்க இறங்கப் புது வண்டி விலையும் இறங்கியது. 2024 செப்டம்பரில் நெக்ஸான் இவியின் ஆரம்ப ஷோரூம் விலை 12.49 லட்சத்துக்கு வந்துவிட்டது. அதிலும் உங்களுடையதைப் போலவே 30 யூனிட் பேட்டரிதான். புதுசு பன்னிரண்டரைக்குக் கிடைக்கும்போது நாலு வருடம் ஓடிய வண்டிக்கு யார் பதினொன்று கொடுப்பார்கள்?

என் கணக்கு இதுதான். நாலு, ஐந்து வருடமான, அடிபடாத மின்சாரக் காருக்கு இன்றைய புது விலையில் 35 முதல் 40 விழுக்காடு கழிப்பேன். உங்கள் வண்டிக்கு அது ஏழரை லட்சத்திலிருந்து எட்டு லட்சத்துப் பத்தாயிரம் வரை வரும். விளம்பரத்தில் 8.40 போடுங்கள். ஏழேமுக்காலுக்குக் கீழே இறங்காதீர்கள். வருகிறவர்களில் சிலர் உங்கள் இன்சூரன்ஸ் பாலிசியில் உள்ள ஐடிவி தொகையை, அதாவது கம்பெனி உங்கள் காருக்குப் போட்ட மதிப்பை, காட்டி, “கம்பெனியே இவ்வளவுதான் போட்டிருக்கிறது” என்பார்கள். நான் 27 வருடம் வாகன இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவன், சொல்கிறேன்: நாலு வருடம் முடிந்து ஐந்துக்குள் இருக்கும் வண்டிக்கு 50 விழுக்காடு தேய்மானம் என்பது எல்லா வண்டிக்கும் பொதுவாகப் போட்ட அட்டவணை. உங்கள் வண்டியை யாரும் கண்ணால் பார்த்துப் போட்டதில்லை.

ஏழரையா எட்டா என்பதை முடிவு செய்வது பேட்டரி ஒன்றுதான். வாங்குகிறவருக்கு பெயின்ட், டயர், சீட் எதுவும் பயம் இல்லை. “பேட்டரி போய்விட்டால் என்ன செய்வது?” என்ற ஒரே பயம்தான். அந்தப் பயத்தின் விலையைத்தான் ஆறேகால் என்று உங்களிடம் கேட்டார்கள். பயத்தைப் போக்கக் கையில் ஆதாரம் வேண்டும்.

நான் செய்ததைச் சொல்கிறேன். கார் வாங்கிய முதல் மாதமே, கார் ஷெட்டில் உள்ள 15 ஆம்பியர் பிளக்குக்குத் தனியாக ஒரு சப் மீட்டர் போட்டிருந்தேன். 20 விழுக்காட்டிலிருந்து 100 வரை ஏற்ற 27 யூனிட் ஆனது. அதை ஒரு டைரியில் குறித்து வைத்தேன். விற்க முடிவு செய்த வாரம் பல்லடம் வரை ஒரு சுற்று போய்விட்டு, சரியாக 20-ல் கொண்டுவந்து நிறுத்தினேன். இரவு ஒன்பது மணிக்கு பிளக்கை மாட்டும் முன் மீட்டரை ஒரு போட்டோ, டேஷ்போர்டை ஒரு போட்டோ. விடியற்காலை 100 வந்ததும் மறுபடி இரண்டு போட்டோ. 25 யூனிட் ஏறியிருந்தது. இரண்டு யூனிட்தான் குறைவு. நாலு வருடத்தில் ஏழு விழுக்காடு அளவுக்குத்தான் பேட்டரி தேய்ந்திருக்கிறது என்பதை ஒரு பள்ளிக்கூடப் பையன்கூடக் கணக்குப் போட்டுவிடுவான். அந்த நாலு போட்டோவையும் டைரிப் பக்கத்தையும் வாங்க வந்தவர் முன்னால் மேஜையில் வைத்தேன். அதற்கு மேல் அவர் பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உங்களிடம் பழைய அளவு இருக்காது, பரவாயில்லை. சப் மீட்டர் ஒன்று வாங்கி இன்றைய அளவை எடுங்கள். சார்ஜரிலும் வயரிலும் பத்து விழுக்காட்டுக்கு மேல் வீணாகும், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அப்புறம் சர்வீஸ் சென்டரில் வண்டியைக் கொடுத்து பேட்டரியின் ஆரோக்கிய அளவை, அவர்கள் எஸ்ஓஹெச் என்பார்கள், பிரின்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். வாயால் “நல்லா இருக்கு மேடம்” என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், தாளில் வேண்டும். அங்கே போவதற்கு முன் இரண்டு மூன்று முறை வீட்டு பிளக்கிலேயே மெதுவாக 100 வரை ஏற்றுங்கள். செல்கள் சமன்பட்டு அளவு சரியாக விழும்.

பேட்டரி வாரன்டி எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். உங்களுக்கு 2029 ஆகஸ்ட் வரை, இன்னும் 1,02,000 கிலோமீட்டர் பாக்கி. விளம்பரத்தின் முதல் வரியிலேயே இது வரட்டும். வாங்குகிறவர் பெயருக்கு அது மாறும் என்பதையும் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. விளம்பரத்தில் “312 கிலோமீட்டர் ரேஞ்ச்” என்று போட்டிருக்கிறீர்கள். ஒரு முழு சார்ஜில் இவ்வளவு தூரம் ஓடும் என்று சோதனைக்கூடத்தில் எடுத்த எண் அது. நேரில் ஓட்டிப் பார்க்கிறவருக்கு 200 சொச்சம்தான் வரும், அந்த நொடியில் நீங்கள் சொன்ன மற்ற எதையும் அவர் நம்பமாட்டார். “ஏசி போட்டு நாலு பேரோடு திருப்பூரிலிருந்து கோவை ஏர்போர்ட் போய்த் திரும்பினால் பாதிக்கு மேல் சார்ஜ் மிச்சம் இருக்கும்” என்று எழுதுங்கள். உங்கள் ஊர்க்காரருக்கு எண்ணைவிட இந்த வரி புரியும்.

இழப்பீடு கேட்காத வருடங்களுக்காக பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது, காரோடு போகக்கூடாது. இன்சூரன்ஸ் கம்பெனியில் அதற்கான கடிதத்தை வாங்கி வையுங்கள். பெங்களூரில் அடுத்த கார் வாங்கும்போது, மூன்று வருடத்துக்குள் என்றால், அது உதவும். ஆர்சியில் பேங்க் பெயர் இன்னும் இருந்தால், படிவம் 35-ம், கடன் பாக்கி இல்லை என்ற பேங்க் கடிதமும் (என்ஓசி) கொடுத்து முதலில் அதை நீக்குங்கள். கடன் கட்டி முடித்தால் தானாகப் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது.

கேள்வி: பழைய மின்சாரக் காருக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி என்று படித்தேன். என் எம்ஜி காரை நண்பருக்கு விற்றால் நான் வரி கட்ட வேண்டுமா?
வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். 2024 டிசம்பரில் நடந்த 55-வது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்துக்குப் பிறகு வந்த குழப்பம் இது. ஜிஎஸ்டி பதிவு உள்ள வியாபாரி பழைய காரை வாங்கி விற்றால், அவருடைய லாபத்துக்கு மட்டும் 18 விழுக்காடு. பதிவு இல்லாத தனிமனிதர் இன்னொருவருக்கு விற்பதில் ஜிஎஸ்டியே கிடையாது. பணத்தை மட்டும் பேங்க் வழியாக வாங்குங்கள். ஒரே நாளில் ஒருவரிடம் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமாக வருமான வரித்துறை அபராதம் போடலாம்.

கேள்வி: வாங்குகிறவர் முழுப் பணமும் கொடுத்துவிட்டார். “பெயர் மாற்றத்தை நான் மெதுவாகப் பார்த்துக்கொள்கிறேன், கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள்” என்கிறார். நல்ல மனிதர்தான். கொடுக்கலாமா?
வாசகர், மதுரை

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. கெஞ்சிக் கேட்கிறேன். சர்வேயராக இருந்துகொண்டே நான் செய்த தவறு இது. பல வருடம் முன்பு என் பழைய பெட்ரோல் காரை ஒரு புரோக்கரிடம் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அது மூன்று கை மாறியது, ஒருவரும் பெயர் மாற்றவில்லை. ஒரு நாள் வெளியூர் நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தது. என் கார் ஒரு சைக்கிள்காரரை இடித்திருக்கிறது, அவருக்குக் கால் போய்விட்டது. வண்டிக்கு இன்சூரன்ஸும் இல்லை. பதிவேட்டில் இருந்தது என் பெயர். கோர்ட் வராந்தாவில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த அந்த மனிதரின் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. அதனால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டையும் வாங்குகிறவரின் முழுப் பெயர், முகவரியோடு நிரப்பிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். ஒரே மாநிலத்துக்குள் என்றால் வண்டியை விற்றதை 14 நாளுக்குள் நீங்கள் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பரிவாஹன் என்ற அரசின் வாகனப் பதிவுத் தளத்தில் உங்கள் போனுக்கு ஓடிபி வரும், அவர் பக்கத்தில் இருக்கும்போதே அதை முடியுங்கள். வண்டியைக் கொடுத்த தேதியும் நேரமும் எழுதிய டெலிவரி நோட்டில் அவர் கையெழுத்தும் வேண்டும், அவருடைய ஆதார் நகலும் வேண்டும். ஃபாஸ்டேக்கை அன்றைக்கே மூடிவிடுங்கள்.

கேள்வி: 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் என் மின்சாரக் கார் பாதி டயர் வரை தண்ணீரில் நின்றது. உள்ளே தண்ணீர் வரவில்லை. இதுவரை ஒரு பழுதும் இல்லை. வாங்குகிறவரிடம் சொல்லத்தான் வேண்டுமா?
வாசகர், வேளச்சேரி

பதில்: சொல்லுங்கள். உங்கள் முகவரியைப் பார்த்ததுமே அவர் அதைத்தான் நினைப்பார். சர்வீஸ் சென்டரில் வண்டியை உயர்த்தி, அடியில் உள்ள பேட்டரிப் பெட்டியைப் பார்த்து, கனெக்டர்களில் பச்சை பிடித்திருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லி, ஒரு ரிப்போர்ட் வாங்கிக் கொடுங்கள். இருபது, முப்பதாயிரம் விலை குறைந்தாலும் குறையட்டும். அந்தக் காரில் குழந்தைகளும் போகப் போகிறார்கள்.

கேள்வி: வீட்டுச் சுவரில் மாட்டிய சார்ஜரையும் காரோடு கொடுக்க வேண்டுமா?
வாசகி, நாகர்கோவில்

பதில்: காரோடு வந்த 15 ஆம்பியர் பிளக் கேபிளைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். சுவரில் உள்ளது உங்கள் விருப்பம். அவர் வீட்டு வயரிங் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டுத் தனி விலை பேசுங்கள். சாவி கொடுக்கும் முன் உங்கள் போனில் உள்ள கார் ஆப்பிலிருந்து வண்டியை நீக்கிவிடுங்கள். விற்று ஒரு மாதம் கழித்தும் என் போனில் அந்தக் கார் எங்கே நிற்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தது. வாங்கியவரைக் கூப்பிட்டு, அவர் எதிரிலேயே அழித்தேன்.